பேரிங்குக்குச் சளி

கொட்டாவிப்பட்டிக்காரர்களைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டால், அவர்களுக்கு நன்றாகப் பசிக்கும் என்று சொல்வேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் சரக்கு இல்லை. மூளை என்று ஒன்றைக் கடவுள் எல்லாருக்கும் கொடுத்தார் அல்லவா, அதை இந்த ஊர்க்காரர்கள் புதுக்கருக்கு மாறாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். எடுத்துப் புழங்கினால்தானே தேயும்.

அந்த ஊரில் ஒரு யோயோ சங்கம் இருக்கிறது. சிரிக்காதீர்கள், பெயர்ப்பலகை, ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் உண்டு. தலைவர் மாசிலாமணி. ஊரில் மிளகாய் அரைக்கிற மில் அவருடையது. செயலாளர் பிச்சாண்டி, பொருளாளர் ஆவுடையப்பன். இந்த இரண்டு பேருக்கும் வேறு வேலை ஏதும் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. மூன்று பேரில் ஒருவருக்கும் யோயோ சுற்றத் தெரியாது.

சுற்றத் தெரிந்தவள் மாசிலாமணியின் அக்காள் மகள் அங்கயற்கண்ணி. கயலு என்று கூப்பிடுவார்கள். தாய் தகப்பன் இல்லாத பெண். மாமன் வீட்டில் இருந்துகொண்டு மாமன் மில்லில் மிளகாய் அரைக்கிறாள். அவள் யோயோவை வீசினால் அது தரைக்கு ஒரு சாண் மேலே நூல் முனையில் நின்று சுற்றும். அப்புறம் தோளில் ஏறும், முதுகுக்குப் பின்னால் போகும், கூப்பிட்டால் கைக்கு வரும். இதை ஒருநாள் பார்த்துவிட்ட மூன்று பேரும் உடனே கூடிப் பேசி, அவள் தலைமேல் ஒரு சங்கத்தை ஆரம்பித்து, இருந்த பதவிகளை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். மிச்சமிருந்த உறுப்பினர் பதவியைக் கயலுக்குக் கொடுத்தார்கள். இன்றுவரை அவள் ஒருத்திதான் உறுப்பினர்.

மதுரையில் ஒரு பொம்மைக் கம்பெனிக்காரர்கள் யோயோ போட்டி வைத்தார்கள். ஜெயிக்கிறவருக்குக் கம்பெனியிலேயே வேலை. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளுக்கு யோயோ சுற்றிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். கயலுக்கு அந்த வேலை வேண்டும். மில்லில் அவள் கண் எரிந்து, மூக்கு எரிந்து, சாமி கும்பிடும்போதுகூடத் தும்மிக்கொண்டிருந்தாள். இந்தப் போட்டியை விட்டால் ஆயுசுக்கும் மிளகாய்தான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை யோயோ வேலையைக் காட்டிவிட்டது. கீழே போனது சுற்றாமல் போன வேகத்தில் திரும்பி வந்து அவள் மூக்கில் இடித்தது.

யோயோ என்பது இரண்டு வட்டத் தட்டு, நடுவில் ஓர் அச்சு. அச்சில் ஒரு சின்ன மோதிரம் மாதிரி பேரிங் மாட்டியிருக்கும், நூல் அந்தப் பேரிங்கைச் சுற்றித்தான் கிடக்கும். பேரிங் வழுக்கிக்கொண்டு ஓடினால்தான் யோயோ கீழேயே நின்று சுற்றும். உள்ளே தூசி சிக்கினாலும் கெட்டது, எண்ணெய் கூடினாலும் கெட்டது. கயலுடைய பேரிங்கில் மிளகாய்த்தூள் புகுந்திருந்தது. மாமன் மில் அவளை அதிலும் விடவில்லை.

அவளே சுத்தம் செய்திருப்பாள். ஆனால் சங்கத்துக்கு ஒரு சட்டம் உண்டு: விளையாடுவது உறுப்பினர் வேலை, பராமரிப்பது நிர்வாகிகள் வேலை. அதோடு வெள்ளிக்கிழமை காலையில் ஒரு கல்யாண வீட்டு மிளகாய் வந்து மலையாகக் குவிந்துவிட்டது. அவளுடைய இரண்டு கையும் முழங்கை வரைக்கும் சிவப்பு. அந்தக் கையோடு பேரிங்கைத் தொட்டால் இருக்கிற தூள் போதாதென்று இன்னும் கொஞ்சம் ஏறும். வேறு வழியில்லாமல் மூன்று பேரையும் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னாள்.

“மாமா, நல்லா கேட்டுக்கங்க. யோயோவைத் திருகிக் கழட்டி பேரிங்கை வெளிய எடுங்க. பெட்ரோல்ல முக்கி ஆட்டுங்க. ஒரு வெள்ளைத் துணியில வச்சு உலர விடுங்க. நல்லா உலந்த பிறகு இந்தா இந்தத் தையல் மெஷின் எண்ணெய், ஒரே ஒரு சொட்டு. அவ்வளவுதான். வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்.”

மூன்று பேரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் தும்மிக்கொண்டே மில்லுக்குள் போய்விட்டாள்.

முதல் வேலை திருகிக் கழற்றுவது. சம பதவிக்குச் சம வேலை என்று ஒரு தட்டைப் பிச்சாண்டியும் இன்னொரு தட்டை ஆவுடையப்பனும் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் ஒரே பக்கமாகத் திருகினார்கள். தட்டு கழலவில்லை. யோயோ சுற்றியது, அதைப் பிடித்திருந்த இவர்களும் கூடவே சுற்றினார்கள். முற்றத்தை நாலு சுற்றுச் சுற்றியதும் பிச்சாண்டிக்குத் தலை கிறுகிறுத்தது. தலைவர் யோசித்து, ஒருவர் திருகட்டும், மற்றவர் சும்மா நிற்கட்டும் என்று தீர்ப்புச் சொன்னார். யார் சும்மா நிற்பது என்பதில் இரண்டு பேருக்கும் சண்டை. சும்மா நிற்பதில் இரண்டு பேருக்குமே அத்தனை அனுபவம். கடைசியில் இரண்டு பேரும் சும்மா நின்றார்கள், தலைவரே திருகிக் கழற்றினார்.

அடுத்தது பெட்ரோல். மாசிலாமணியின் ஸ்கூட்டர் டேங்கில் பெட்ரோல் இருந்தது. ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் பிடித்துக்கொள்ளலாம் என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றும். அதனால்தான் நாம் கொட்டாவிப்பட்டியில் பிறக்கவில்லை. அவர்கள் பேரிங்கை ஒரு நூலில் கட்டி டேங்குக்குள்ளேயே இறக்கினார்கள். முக்கியாகிவிட்டது, இனி ஆட்ட வேண்டும். எதை ஆட்டுவது என்று கயலு சொல்லவில்லையே என்று ஆவுடையப்பன் கேட்டார். பேரிங்கை ஆட்டுவதா, பெட்ரோலை ஆட்டுவதா? ரொம்ப நேரம் வாதாடிவிட்டு, ஸ்கூட்டரை ஆட்டினால் இரண்டும் ஆடும் என்று கண்டுபிடித்தார்கள். மூன்று பேரும் ஸ்கூட்டரைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் முன்விளக்கு கழன்று விழுந்தது.

நூலை மேலே இழுத்தார்கள். பேரிங் பளபளவென்று வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அது சுத்தமாகத்தான் இருந்தது. துணியில் வைத்துவிட்டு எழுந்து போயிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. ஆனால் மாசிலாமணி அதை எடுத்து மோந்து பார்த்தார்.

“பெட்ரோல் வாடை அடிக்குதப்பா. இதோட எப்படிச் சபையில கொண்டுபோய் நிறுத்துறது?”

அது குளித்தால் சரியாகிவிடும் என்றார் பிச்சாண்டி. அப்போதுதான் ஆவுடையப்பனுக்கு ஒரு பெரிய சந்தேகம் வந்தது. கயலு முதலில் கழுவச் சொன்னாள், பிறகு எண்ணெய் வைக்கச் சொன்னாள். எந்த ஊரிலாவது குளித்துவிட்டு எண்ணெய் தேய்ப்பார்களா? எண்ணெய் தேய்த்துவிட்டல்லவா குளிப்பார்கள்? மற்ற இரண்டு பேருக்கும் இது சரியாகப் பட்டது. பாவம், சின்னப்பெண், மிளகாய் நெடியில் வரிசையை மாற்றிச் சொல்லிவிட்டாள், பெரியவர்கள் நாம்தான் திருத்திக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தார்கள். இப்படியாகப் பேரிங்குக்கு எண்ணெய்க் குளியல் ஏற்பாடாயிற்று.

உடனே இன்னொரு சிக்கல். வெள்ளிக்கிழமை பெண்கள் எண்ணெய் தேய்த்துக்கொள்கிற நாள், ஆண்களுக்குச் சனிக்கிழமை. பேரிங் ஆணா பெண்ணா?

பிச்சாண்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இரும்பா இருக்கு. ஆம்பளைதான்.”

“அதெப்படி?” என்றார் ஆவுடையப்பன். “இது வீட்டுக்குள்ளயே கிடக்குது. எல்லா வேலையும் இதுதான் செய்யுது. பேரு என்னமோ வெளிய இருக்கிற தட்டுக்குத்தான். நீயே சொல்லு.”

அன்றைக்கு அந்த முற்றத்தில் உருப்படியாகப் பேசப்பட்டது அது ஒன்றுதான். பேசியவருக்கும் அது தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது. பேரிங் பெண் என்று ஏகமனதாக முடிவாயிற்று.

தையல் மெஷின் எண்ணெயை மாசிலாமணி தள்ளி வைத்துவிட்டார். பாட்டிலிலேயே தையல் மெஷினுக்கு என்று போட்டிருக்கிறது, இது தையல் மெஷினா என்று கேட்டார். மற்றவர்கள் நன்றாகப் பார்த்துவிட்டு இல்லை என்றார்கள். அடுப்படியிலிருந்து நல்லெண்ணெய் வந்தது. அதில் மிளகும் பூண்டும் தட்டிப் போட்டுக் காய்ச்சினார்கள். ஒரே ஒரு சொட்டு என்று கயலு சொன்னது அவர்களுக்கு மறக்கவில்லை. உச்சந்தலைக்கு ஒரு சொட்டு வைக்க வேண்டும், உடம்புக்கு எவ்வளவு என்று அவள் சொல்லவே இல்லை, ஆகவே தாராளமாகத் தேய்க்கலாம் என்று அர்த்தம் செய்துகொண்டார்கள். ஆனால் வட்டமாக இருக்கிற பேரிங்குக்கு உச்சந்தலை எது? பிச்சாண்டி எந்த இடத்தைக் காட்டினாலும் ஆவுடையப்பன் அதைத் திருப்பி வைத்து, இப்போது இது கால் என்றார். பார்த்தார் மாசிலாமணி. கரண்டி நிறைய எண்ணெயை எடுத்துச் சுற்றிலும் ஊற்றிவிட்டார். தலை எங்கே இருந்தாலும் நனைந்திருக்கும் அல்லவா?

நன்றாக ஊறட்டும் என்று விட்டு, பிறகு சீயக்காய்த்தூள் போட்டுத் தேய்த்தார்கள். வெதுவெதுவென்று வெந்நீர் ஊற்றினார்கள். பேரிங்குக்குள் இருந்த இடுக்கெல்லாம் சீயக்காய் போய் எண்ணெயோடு சேர்ந்து அப்பிக்கொண்டது. மாசிலாமணியின் வெள்ளை வேட்டியில் வைத்து ஒற்றி எடுத்து, ஈரம் தலையில் இறங்கிவிடக் கூடாதே என்று கூடையைக் கவிழ்த்துச் சாம்பிராணி போட்டார்கள். வேற ஒண்ணும் செய்ய வேண்டாம் என்று அவள் சொன்னாளே என்று உங்களுக்குத் தோன்றும். அவர்களுக்கும் தோன்றியது. தாங்கள் வேற ஒண்ணும் செய்யவில்லை என்பதுதான் அவர்களுடைய எண்ணம்.

சனிக்கிழமை ஆவுடையப்பன் பேரிங்கை விரலில் மாட்டிச் சுண்டிப் பார்த்தார். கர் கர் என்றது. மூன்று பேர் முகமும் வெளுத்துவிட்டது.

“சளி கட்டிருச்சு” என்றார் மாசிலாமணி.

யாரால் சளி கட்டியது என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. பச்சைப் பெட்ரோலில் முக்கியது தப்பு என்றார் ஒருவர், தலை துவட்டியது போதாது என்றார் இன்னொருவர். பிறகு வைத்தியம் ஆரம்பமாயிற்று. சுக்கு, மிளகு, திப்பிலி தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். விட விடக் கருப்பட்டி போட்ட கஷாயம் உள்ளே இறுகியது, சத்தம் குறைந்தது. மாலைக்குள் சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது, ஏனென்றால் பேரிங்கே சுற்றவில்லை. நோயாளி அமைதியாகிவிட்டது என்று மூன்று பேரும் சந்தோஷப்பட்டார்கள். பஞ்சில் படுக்கை போட்டு, வெற்றிலைப்பெட்டிக்குள் அதைப் படுக்க வைத்தார்கள்.

கயலு சும்மா இருக்கவில்லை, வந்து கேட்கத்தான் செய்தாள். பேரிங்கைக் கழுவிவிட்டீர்களா என்று கேட்டாள். கழுவிவிட்டோம் என்றார்கள். காய்ந்துவிட்டதா என்றாள். நன்றாகக் காய்ந்துவிட்டது என்றார்கள். எண்ணெய் விட்டீர்களா என்றதற்கு, குறையில்லாமல் விட்டாயிற்று என்றார்கள். ஒரு பதிலிலும் பொய் இல்லை பாருங்கள். ஒரு தடவை சுற்றிப் பார்க்கிறேன் என்று கையை நீட்டினாள். கையெல்லாம் மிளகாய், மறுபடியும் தூள் ஏறிவிடும், மேடையில் தருகிறோம் என்றார் மாசிலாமணி. அதுவும் நியாயமாகத்தான் பட்டது அவளுக்கு. முட்டாள்கள் நியாயமாக ஒன்று சொல்லும்போதுதான் நாம் ஏமாந்துபோகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் மதுரைக்கு பஸ் ஏறினார்கள். யோயோ இருந்த டப்பாவைத் தலைவர் மடியில் வைத்துக்கொண்டார். அதைச் சுற்றிச் சந்தனம் தடவியிருந்தது. கயலு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வெறும் விரலால் காற்றில் வித்தையை ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். மிளகாய் நெடி இல்லாத காற்று முகத்தில் அடித்தது. மதுரை வரைக்கும் அவள் ஒரு தடவைகூடத் தும்மவில்லை.

போட்டி நடந்த மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. அவளுக்கு முன்னால் சாத்தூர்ப் பெண் ஜெசிந்தா ஆடினாள், பிரமாதமாக ஆடினாள். அடுத்தது கொட்டாவிப்பட்டி என்று மைக்கில் கூப்பிட்டார்கள். பெயரைக் கேட்டு நாலு பேர் சிரித்தார்கள். கயலு டப்பாவைத் திறந்து, நூலை விரலில் மாட்டி, மெதுவாக ஒரு தடவை வீசிப் பார்த்தாள். யோயோ கீழே போய் முடங்கிக் கிடந்தது, வரவும் இல்லை, சுற்றவும் இல்லை. அவள் அவசர அவசரமாகத் திருகிக் கழற்றினாள். நடுவில் மொட்டை அச்சு மட்டும் இருந்தது.

“மாமா, பேரிங் எங்க?”

“வீட்ல இருக்கு தாயி.”

“வீட்லயா?”

“சளிம்மா” என்றார் மாசிலாமணி. “நேத்துத்தான் கொஞ்சம் அடங்கிச்சு. எண்ணெய் தேச்சுக் குளிச்ச உடம்பு, பஸ்ல எதிர்காத்து வேற. நம்ம பிள்ளைன்னா கூட்டிட்டு வருவமா? நீ கவலைப்படாத. தனியாக் கிடக்குமேன்னு ரேடியோவைப் போட்டுட்டுத்தான் வந்திருக்கோம்.”

கயலுக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வந்த அழுகை. இந்த மூன்று முகத்தையும் நம்பித் தன் பிழைப்பைக் கொடுத்தோமே என்று தன்னையே நொந்துகொண்டாள். ஆயுசுக்கும் மிளகாய்தான் என்று நினைத்து மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுவதைப் பார்த்த பிச்சாண்டி, இந்தப் பிள்ளைக்குத்தான் பேரிங் மேல் எத்தனை பாசம் என்று ஆவுடையப்பனிடம் சொல்லித் தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆடிவிட்டு இறங்கி வந்த ஜெசிந்தா நின்று பார்த்தாள். மொட்டை அச்சைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சாத்தூரில் எல்லாருக்கும் இவ்வளவு புரியும். தன் யோயோவைத் திருகி, பேரிங்கை எடுத்துக் கயலு உள்ளங்கையில் வைத்தாள்.

“எனக்கு முடிஞ்சிருச்சு. நீ ஆடிட்டுக் குடு.”

கயலு மாட்டினாள், ஆடினாள். எப்படி ஆடினாள் என்று வர்ணிக்க எனக்குத் தெரியாது. யோயோ கீழே நின்று சுற்றிய சுற்றில் அவள் நூலால் கோபுரம் கட்டினாள், ஊஞ்சல் கட்டினாள், தலைக்கு மேலே விசிறி எறிந்து நூலிலேயே பிடித்தாள். சிரித்த நாலு பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். முதல் பரிசு அவளுக்கு. கோப்பையைக் கையில் கொடுத்து, காலையில் வேன் அனுப்புகிறோம், தயாராக இரு என்றார் கம்பெனி மேனேஜர். கயலு ஜெசிந்தாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

நம் மூன்று பேரும் சந்தோஷப்பட்டிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? மூன்று பேரும் இடி விழுந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் குசுகுசுவென்று ஒரே பேச்சு.

“அதுகிட்ட எப்படிச் சொல்றது?” என்றார் மாசிலாமணி.

“எதுகிட்ட?”

“பேரிங்குகிட்டத்தான். நாம இல்லாமலே ஜெயிச்சிட்டாங்கன்னு தெரிஞ்சா அது மனசு என்ன பாடுபடும்? அதுவும் அசலூர் பேரிங்கை வச்சு.”

நோயாளிக்கு அதிர்ச்சி ஆகாது என்றார் ஆவுடையப்பன். பஸ் ஊரை நெருங்குவதற்குள் முடிவு எடுத்துவிட்டார்கள்: நாம் தோற்றுவிட்டோம். கோப்பையை மேல்துண்டில் சுற்றி மறைத்துக்கொண்டு, தலையைத் தொங்கப் போட்டு, வாசலிலிருந்தே விசும்பிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்கள். வெற்றிலைப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நீ இல்லாமல் போனதால் போயிற்று என்று மாறி மாறிச் சொல்லி அழுதார்கள். கயலு துணிமணியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

காலையில் கம்பெனி வேன் வந்து நின்றது. மேனேஜர் இறங்கி, ஜெயித்த பெண் வீடு இதுதானே என்று கேட்டார். மூன்று பேரும் பாய்ந்து போய் வாசலை அடைத்துக்கொண்டார்கள். மாசிலாமணி உதட்டில் விரலை வைத்தார்.

“இங்க யாரும் ஜெயிக்கலைங்க. நாங்க எல்லாரும் தோத்துப்போய் வந்திருக்கோம். மெதுவாப் பேசுங்க, உள்ள கேக்கும்.”

நேற்று தன் கையால் கோப்பையைக் கொடுத்த மனுஷன் குழம்பிப் போனார். வீடு மாறி வந்துவிட்டோமோ என்று வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார். இஞ்சின் சத்தம் கேட்டுக் கயலு பையோடு ஓடி வந்தாள். மாமன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நீ வேலைக்குப் போவது தெரிந்தால் பேரிங் தாங்காது, கொஞ்சநாள் பொறுத்துப் போ, அதுவரைக்கும் மில்லைப் பார்த்துக்கொள் என்று காதோடு கெஞ்சினார். கயலு மாமன் முகத்தைப் பார்த்தாள். இவருக்குப் புரிய வைக்க இந்த ஜென்மம் போதாது என்று தெரிந்துகொண்டாள். வீட்டுப் பக்கம் திரும்பி, உள்ளே கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்.

“மாமா, மில்லுல மிளகாய் தீந்துபோச்சுல்ல. நான் வேன்ல போயி வாங்கிட்டு வாரேன்.”

மூன்று பேருக்கும் அவளுடைய சாமர்த்தியத்தை நினைத்துப் புல்லரித்துவிட்டது. நல்ல வத்தலாகப் பார்த்து வாங்கு என்று பிச்சாண்டி உள்ளே கேட்கும்படி கத்தினார். காம்பு கிள்ளினதாக வாங்கு என்றார் ஆவுடையப்பன். மாசிலாமணி மில்லிலிருந்து காலிச் சாக்குகளைக் கொண்டுவந்து வேனில் போட்டார். கயலு ஏறி உட்கார்ந்தாள், வேன் போய்விட்டது.

இப்போது அவள் ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களில் யோயோ சுற்றிக்கொண்டிருக்கிறாள். தும்மல் அடியோடு நின்றுவிட்டது. கொட்டாவிப்பட்டியில் மில் பூட்டிக் கிடக்கிறது. மூன்று பேரும் வேன் வருகிற பாதையைப் பார்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அரைக்க வருகிறவர்களிடம், மிளகாய் தீர்ந்துபோய்விட்டது, பெண் வாங்கப் போயிருக்கிறாள், அவள் வந்தால்தான் மில் ஓடும் என்று மாசிலாமணி சொல்கிறார். ஊர்க்காரர்களும் சரி என்று சொல்லிவிட்டு, அரைக்கக் கொண்டுவந்த மிளகாய் மூட்டையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பிப் போகிறார்கள்.